ஆயா தைத்த போர்வையின் உட்புறம்

சென்ற தை மாதம் ஆயாவின் (எங்கள் வீட்டில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) போர்வையைத் துணி துவைக்கும் மிஷினில் போட்டது என் தவறு. கையால் அலசிப் பிழிய இரண்டு பேர் வேண்டும், வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதெல்லாம் சாக்கு. ஈரம் ஏறிக் கல்லாய்க் கனத்த அந்தப் போர்வை, மிஷின் சுழன்ற வேகத்தில் ஒரு பக்கத்து ஓரம் முழுவதும் பிரிந்து, வாய் அவிழ்ந்த மூட்டையாக வெளியே வந்தது. கடையில் வாங்கிய பாலியஸ்டர் நூலால் அன்று மாலையே இழுத்துப் பிடித்துத் தைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது என் தையல் ஒன்றுகூட அவிழவில்லை. தையலைத் தாங்கிய துணிதான், ஊசித் துளைகளை ஒட்டித் தபால்தலையைப் பிரித்தெடுத்தது போல நேர்கோட்டில் கிழிந்திருந்தது. பல ஆண்டுகள் உழைத்து நைந்த பருத்தியில் அதைவிட வலுவான நூலை ஓட்டினால், இழுபடும்போதெல்லாம் நூல் துணியை அறுத்துக்கொண்டே இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்துத் தைத்த இந்தப் போர்வைக்கு எங்கள் வீட்டில் தனிப்பெயர் எதுவும் இல்லை. 'தைச்ச போர்வை' என்பார்கள், அவ்வளவுதான். குடியாத்தத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த தெலுங்கு வீட்டில் அதைப் 'பொந்த' என்றார்கள். அந்த வீட்டுப் பாட்டி, சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழும் கணவன் மனைவி யாரைப் பார்த்தாலும் 'கந்தகு தக்க பொந்த' என்று சிரிப்பார். நாம் 'ஜாடிக்கேற்ற மூடி' என்போமே, அதுதான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்ததாக இருந்தால் உருது பேசும் வீடுகளில் 'ரஜாய்'. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதற்குக் 'காந்தா' என்று பெயர். அந்தச் சொல்லும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நாம் சொல்லும்போது வருகிற கந்தையும் வடமொழிக் 'கந்தா'விலிருந்து பிறந்தவை. அங்கே அது கலைப்பொருளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. இங்கே சொல் மட்டும் மிஞ்சி, அதுவும் கிழிசலைக் குறிப்பதோடு நின்றுவிட்டது.

வேலூர் வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்கழியிலும் தையிலும் சில வாரங்கள்தான் அதைப் போர்த்திக்கொள்வோம். மீதி நாட்களிலெல்லாம் அது விரிப்பு. கோடையில் மொட்டை மாடியில் பாய்க்கு மேல் விரிக்கவும், பிரசவித்து வந்த பெண்ணுக்குத் தரையில் மெத்தையாகப் போடவும், சட்டைக்கு இஸ்திரி போடவும், காய்ச்சல் வந்த பிள்ளையைச் சுற்றவும் ஒரே போர்வைதான்.

தாத்தா லுங்கித் தறி ஓட்டியவர். பாவு அறுத்த பிறகு தறியில் மிஞ்சும் நூல் துண்டுகளை ஆயா ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் சேர்த்து வைப்பாள். வேண்டும்போது இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துக் கெண்டைக்கால் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளித் திரித்துக்கொள்வாள். அந்த நூலும் போர்வைத் துணியும் ஏறக்குறைய ஒரே வலுவுள்ள பருத்தி. இழுபட்டால் முதலில் நூல் அறும், துணி தப்பிக்கும். ஆயா இதை யோசித்துச் செய்தாளா, காசு கொடுத்து நூல் வாங்க மனமில்லாமல் செய்தாளா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து தறிச் சத்தம் அடங்கிய நேரத்தில், கழுவிக் காய்ந்த சிமெண்டுத் தரையில் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அம்மிக்குழவி, மரக்கால், இரண்டு தராசுக்கல் என்று நான்கு மூலைக்கும் நான்கு பாரம் வைப்பாள். முதலில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் நீவிக்கொண்டே பெரிய பெரிய தையலாகப் போட்டுச் சுருக்கத்தை வெளியே தள்ளுவாள். அதன்பிறகுதான் ஒரு விரல் இடைவெளியில் நெருக்கமான ஓட்டுத் தையல், வயலில் சால் பிடித்தது போல. ஊசி முரண்டு பிடிக்கும்போது அதைத் தலைமுடிக்குள் ஒருமுறை ஓட்டி எடுப்பாள். எண்ணெய் பட்டதும் அது வழுக்கிக்கொண்டு போகும். நான்கைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுவையாக இழுக்கும்போது 'சர்ர்' என்று எழும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண் மங்கிய பிறகு, பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போகலாம். "இன்னாமே, ஒம்பதுதான் கீது?" என்று ஒருநாள் வாசல்வரை வந்து திரும்பக் கூப்பிட்டதும் உண்டு.

நடுவிலிருந்து வெளியே போவதுதான் எல்லோருக்கும் வழக்கம் என்று நினைத்திருந்தேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் தங்கள் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள் என்றும், நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைக்காத போர்வை அவர்களுக்கு நிறைவடையாத போர்வை என்றும் பிறகு அறிந்தேன். ஆயாவின் மூலைகளில் பூ எதுவும் கிடையாது. மூலைக்கு மூலை தையல் கோணிக்கொண்டுதான் முடிந்திருக்கும்.

பாலியஸ்டர் நூலைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் போர்வையின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மேலே எனக்குப் பழக்கமான கட்டம் போட்ட லுங்கித் துண்டுகள். அதன் கீழே அம்மாவின் வெளிர்மஞ்சள் வாயில் புடவை. அதற்கும் கீழே தாத்தாவின் வேட்டி, கரை மட்டும் சாயம் போகாமல். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக் கையை விட்டால், உள்ளே வேறொரு போர்வை இருந்தது. தன்னுடைய தனித் தையலோடு முழுசாக இருந்த அந்தப் பழைய போர்வையின் இருபுறமும் புதுத்துணி போர்த்தித்தான் நான் அறிந்த போர்வையை ஆயா உண்டாக்கியிருக்கிறாள். அந்தப் பழையதன் நடுவில், காடாத்துணி போன்ற தடித்த ஒரு துண்டில், மங்கிய நீலச் சிவப்பில் ஒரு கேடயமும் அதன்மேல் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகளும் அச்சாகியிருந்தன. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன்: அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது.

அப்பாவிடம் காட்டியதும் சிரித்துவிட்டார். 1960-களில் பள்ளிக்கூட மதிய உணவுக்குக் கோதுமை நொய்யும் பால்பவுடரும் அமெரிக்காவிலிருந்து வந்தன. கொஞ்ச காலம் ஆயா அந்தச் சமையலுக்கு உதவியாக இருந்தாள். காலிப் பையும் டப்பாவும் அப்படித்தான் வீட்டுக்கு வந்திருக்கின்றன. இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறொன்று. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க கிராமத்துப் பெண்கள் மாவுப் பைகளைப் பிரித்து உடைகளும் போர்வைகளும் தைத்தார்கள். அதைக் கண்ட மாவு வணிகர்கள் பைகளிலேயே பூப்போட்ட அச்சுகளைப் போட ஆரம்பித்து, நிறுவனத்தின் பெயரைத் துவைத்தால் போய்விடும் மையில் அச்சிட்டார்கள். குடியாத்தத்துக்கு வந்த பையின் மை மட்டும் இத்தனை துவைப்புக்கும் போகவில்லை.

மேல்புறத்தின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் துண்டு உண்டு. அத்தையின் நிச்சயதார்த்தப் புடவை என்று ஆயா எனக்குச் சொல்லியிருந்தாள். அத்தையைப் போனில் கேட்டால், "எனக்கு எடுத்தது பச்சை. செவப்பு யாருக்கு எடுத்தாங்களோ" என்று நாற்பது ஆண்டுக்கு முந்தைய கோபம் திரும்புகிறது, அவள் கணக்கில் அது ஜன்னல் திரை. அப்பாவோ, நெசவாளர் ஊர்வலத்துக்குத் தாத்தா பிடித்துப் போன கொடி என்று அடித்துச் சொல்கிறார். பிறந்த குழந்தையின் சட்டைகளை வாங்கிக்கொண்டு 'நினைவுப் போர்வை' தைத்துத் தருகிறவர்களின் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் எரிச்சலுக்குக் காரணம் இதுதான்: அங்கே எந்தத் துண்டு எதைச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஆயா நினைவுக்காக ஒரு துண்டையும் வைக்கவில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்தாள்.

போர்வைகளின் மேல் கதைகளை ஏற்றிவிடும் ஆசை உலகெங்கும் இருக்கிறது போலும். அமெரிக்காவில் அடிமைகள் தப்பியோடும்போது வழிகாட்டுவதற்காகப் போர்வைகளின் வடிவங்களில் சங்கேதக் குறிகள் வைத்தார்கள் என்ற கதை 1999-க்குப் பிறகு பள்ளிப் பாடம்வரை பரவியது. அதற்குச் சான்று இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் மறுத்துவிட்டார்கள். ஆனால் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் என்ற பெண், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1886-இல் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைத்த போர்வை உண்மை. பைபிள் காட்சிகளைப் பதினோரு கட்டங்களில் துணியை வெட்டி ஒட்டித் தைத்திருந்தார். ஓர் ஓவிய ஆசிரியை கேட்டபோது விலைக்குத் தர மறுத்தார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டமும் எதைக் காட்டுகிறது என்று தன் வாயால் சொல்லிவிட்டுப் போனார், வாங்கியவர் அதை எழுதி வைத்தார். பிறகும் சிலமுறை அந்த வீட்டுக்கு வந்து தன் போர்வையைப் பார்த்துவிட்டுச் சென்றாராம். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய தெருவில் இன்னும் தறி ஓட்டும் ஒரு வீட்டில் கேட்டு, ஒரு கைப்பிடி மிச்ச நூல் வாங்கி வந்தேன். கெண்டைக்காலில் வைத்துத் திரிக்க எனக்கு வரவில்லை. முறுக்கு நிற்காமல் அவிழ்ந்துகொள்கிறது. இரண்டு முனையையும் விரலில் பிடித்து முறுக்கித் தேனீர் டம்ளரில் சுற்றி வைத்துச் சமாளிக்கிறேன். ஓரத்தில் கிழிந்த இடங்களுக்கு என் பழைய பருத்தித் துப்பட்டாவை மடித்துப் பட்டையாக வைத்து, பையை இருந்த இடத்திலேயே விட்டு, பிரிந்த ஓரத்தில் முக்கால் பாகம் தைத்துவிட்டேன். சிவப்புத் துண்டு இருக்கும் மூலையை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அத்தை வருகிறாள். புட்டா போட்ட புடவையாக இருந்தால் பின்பக்கத்தில் அறுத்துவிட்ட நூல் தெரியும், கொடியாக இருந்தால் வெள்ளை பெயிண்ட் ஊறியிருக்கும், திரையாக இருந்தால் ஒன்றுமே இருக்காது, நான் வருகிறவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். தொடவில்லை.