ஒட்ட மறந்த சீட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் கோயில் மண்டபத்தில் இன்று காலை, தமிழ் வகுப்பு ஆசிரியை நான் எழுதிய எழுத்துப் பயிற்சிச் செயலியைத் தம் மேக் கணினியில் திறந்தபோது, அதைச் சரிபார்க்க முடியவில்லை என்ற எச்சரிக்கை எழுந்தது.

“தம்பி, இதில் வைரஸ் இருக்கிறதா?” என்று அவர் கேட்டதும் கூசிப்போனேன்.

ஆப் ஸ்டோருக்கு வெளியே தரும் செயலி என்பதால், எழுதியவர் யாரெனக் காட்டும் ஆப்பிளின் டெவலப்பர் ஐடி சான்றிதழால் கையொப்பமிட்டு, 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் கட்டாயமான, தீங்கு நிரல் உள்ளதா என ஆப்பிள் சோதித்துத் தரும் சீட்டையும் பெற்றிருந்தேன். ஆனால் செயலியைச் சுருக்கி அனுப்பும் ஜிப் கோப்பின்மேல் அச்சீட்டை ஒட்ட இயலாது. செயலியில் ஒட்டியபின் மறுபடி ஜிப் செய்ய வேண்டும்.

நான் அனுப்பியதோ சீட்டு ஒட்டாத பழைய ஜிப். இணையம் இருந்தால் கணினியே ஆப்பிளிடம் கேட்டுத் தெளிந்திருக்கும். மண்டபத்தில் அதுவும் இல்லை.

என் கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்தபின் செயலி திறந்தது. ஒரு சிறுமி முதலில் தட்டிய எழுத்து ‘ழ’.