படம் பார்த்தே படம் எடுக்கக் கத்துக்கறேன் - நாலாவது மாசம்

வேலைய விட்டுட்டு இன்ஸ்டிடியூட்ல போய்ச் சேர எனக்கு இப்போ வழியில்ல, அதனால ஒரே ஒரு படத்த வாத்தியாரா வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். 'வீடு', 1988ல வந்தது. டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங் மூணுமே பாலு மகேந்திரா, ஒரே ஆளோட கண்ணு படம் முழுக்க இருக்கும்ங்கறதால அத எடுத்தேன். அவரே புனேல ஒளிப்பதிவு படிச்சவர்தான், அதனால படிப்பே வேணாம்னு நான் சொல்ல வரல.

முதல் மாசம் சும்மா பார்த்தேன், ஒண்ணும் ஏறல, கதை இழுத்துட்டுப் போயிடுது. அப்புறம் சத்தத்த மியூட் பண்ணிட்டுப் பார்த்தேன் பாருங்க, அங்கதான் கண்ணு திறந்துச்சு. பாதி கட்டின வீட்டப் பார்க்க, கதாநாயகியோட தாத்தாவா நடிச்ச சொக்கலிங்க பாகவதர் வர்ற சீன், இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துல இருந்து எடுத்த இசைதான் என்னை அழ வைக்குதுன்னு இத்தன நாள் நினைச்சிருந்தேன், இசையே இல்லாமப் பார்த்தாலும் அந்தப் பெரியவர் சுவரத் தடவுறப்போ தொண்டை அடைக்குது. கேமரா அவர அவசரப்படுத்தவே இல்ல. ஆள் எந்தப் பக்கத்துல இருந்து வர்றார், வெளிச்சம் எங்க இருந்து விழுது, எந்த அசைவுல கட் ஆகுதுன்னு ஷாட் ஷாட்டா நோட்டுல எழுதி வச்சேன்.

மூணாவது மாசம் போன்ல எடுத்துப் பார்த்தேன். ஆச்சி திண்ணைல இருந்து எந்திரிச்சு அடுக்களைக்குப் போய்த் தண்ணி குடிக்கணும், அவ்வளவுதான், ஆறு ஷாட். எடிட்ல போட்டா ஆச்சி போறாங்களா திரும்பி வர்றாங்களான்னே புரியல, ஏன்னா ரெண்டாவது ஷாட்டுக்கு நான் ஆச்சி நடக்கற பாதைக்கு அந்தப் பக்கம் தாண்டிப் போய் நின்னு எடுத்திருக்கேன், இடமிருந்து வலமா நடந்தவங்க திடீர்னு வலமிருந்து இடமா நடக்கறாங்க. ஆள் நடக்கற பாதைய ஒரு கோடா நினைச்சுக்கிட்டு கேமரா அந்தக் கோட்டத் தாண்டக்கூடாதுன்னு நூறு தடவ படிச்சிருக்கேன், ஆனா எடுத்துக் கெடுத்த அன்னைக்குத்தான் மண்டைல நின்னுச்சு.

அடுக்களை ஷாட்ல பட்டை பட்டையா கோடு ஓடுச்சு. எத்தன படம் பார்த்தாலும் இது தெரியாது, ஏன்னா படத்துல அத வரவிட்டிருக்கவே மாட்டாங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், என் போன்ல ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழற நேரம், 1/60 செகண்டுல இருந்துச்சு. 1/50க்கு மாத்தினதும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியா ரெண்டு மினுக்கு விழுது, கோடு போயிடுச்சு. போன் தானா வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்காம இருக்க எக்ஸ்போஷரையும் லாக் பண்ணிட்டேன், இல்லன்னா ஜன்னல் பக்கம் போறப்போ ஆச்சி முகம் இருண்டு போகுது.

சவுண்டு இன்னும் சரியா வரல, அது அடுத்த மாசத்துக்கு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி வெளிச்சத்துல அந்த ரெண்டாவது ஷாட்ட மட்டும் திரும்ப எடுக்கணும். "இந்தத் தடவ நல்ல சீலையா உடுத்திக்கிடுதேன்ல"ன்னு ஆச்சி பெட்டியத் திறந்துட்டாங்க. மத்த அஞ்சு ஷாட்லயும் அந்தப் பச்ச சீலதான் இருக்கு, அதத்தான் கட்டணும் ஆச்சின்னு சொல்லி இப்போதான் துவைச்சுக் கொடில போட்டுட்டு வந்தேன்.