பித்தப்பை அறுவைச் சிகிச்சை: ஒரே கீறலை விட்டு நான்கு துளைகளை ஏற்றேன்

வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டன. ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் தடித்து, அதன் கழுத்தில் கல் ஒன்று அடைத்திருப்பது தெரிந்தது. வீக்கம் முற்றிச் சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொள்வதற்குள் பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார் அறுவைச் சிகிச்சை நிபுணர். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

எந்த முறையில் என்பதில்தான் குழப்பம். தொப்புளில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரே கீறல், தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதையே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. இரண்டு பேனாக்களை என் கையில் கொடுத்து, நடுவில் சேர்த்துப் பிடித்தபடி நுனிகளை மட்டும் விரித்துக் காட்டச் சொன்னார். ஒரு நுனி நகர்ந்தால் மறு நுனி முட்டியது. ஒரே கீறலில் கேமராவும் கருவிகளும் அப்படித்தான் நெருக்கியடித்து நுழைகின்றன. வழக்கமான முறையில் தொப்புளில் கேமரா, மேல்வயிற்றில் ஒரு துளை, வலப்பக்கம் சிறிய துளைகள் இரண்டு. கருவிகள் தனித்தனித் திசையிலிருந்து வருவதால் திசுவை இழுத்துப் பிடிக்கவும் பிரிக்கவும் இடம் கிடைக்கும்.

பித்தப்பை நாளத்தையும் அதன் தமனியையும் தனித்தனியாகப் பிரித்து, கண்ணால் உறுதிசெய்த பிறகே கிளிப் போட்டு வெட்டுவார்களாம். அழற்சியால் எல்லாம் வீங்கிக் கலங்கியிருக்கும்போது அந்தக் காட்சி எளிதில் கிடைப்பதில்லை. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் தவறி வெட்டுப்பட்டால் அது பெரிய விபரீதம். இதைக் கேட்டதும் தழும்பின் மீதிருந்த ஆசை போய்விட்டது. ஒரே கீறலில் வலி பெரிதாகக் குறைவதில்லை, நேரம் கூடுதலாகிறது, பின்னாளில் தொப்புளில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் சற்று அதிகம் என்றும் சொன்னார்.

“நான்கு துளையிலும் முடியாவிட்டால்?” என்று கேட்டேன். “வயிற்றைத் திறப்போம், அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் கையெழுத்து” என்றார். அந்த நேர்மைதான் எனக்குத் தெம்பு தந்தது.

திறக்க வேண்டியிருக்கவில்லை. விழித்த பிறகு, துளைகளை விடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எழுந்து நடக்க நடக்கக் குறைந்தது.

வீக்கமில்லாமல் கல் மட்டும் இருப்பவர்கள் ஒரே கீறலைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். அந்த மருத்துவர் அம்முறையைத் தொடர்ந்து செய்து வருபவரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.