பூ நிறமும் இலை வரியும்: 12 தொட்டிக்குப் பெயர் எழுதும் வேலை

சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் சதைப்பற்றுச் செடிகளில் முக்கால்வாசி பெயரில்லாமல்தான் வரும். 12 தொட்டியில் இதுவரை 10க்குப் பெயர் எழுதியாயிற்று.

பத்துமணிப் பூ 5 தொட்டி. நிறவாரியாகப் பிரித்தது முதல் தப்பு. மஞ்சளும் சிவப்பும் இரண்டு இனத்திலும் உண்டு. இலை ஊசி மாதிரி உருண்டு, கணுவில் வெள்ளை முடி கொத்தாக இருந்தால் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா. இலை கரண்டி போலத் தட்டையாகி, காயைச் சுற்றி மெல்லிய சிறகு வளையம் தெரிந்தால் அம்ப்ராட்டிகோலா. வளையத்துக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். ஒரே இனத்துக்குள் வகை பிரிக்கத்தான் நிறம். அதைக் காலை பத்துக்கு மேல், பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்துக் குறிக்க வேண்டும். மூடிய வானத்தில் பூ சரியாக விரியாது.

கலாஞ்சோ 2. நான்கு இதழ் என்பது அடையாளம். அடுக்குப் பூவில் இந்தக் கணக்கு செல்லாது. வாசல் விளக்கு இரவில் எரிந்தால் மொட்டே வராது, நிறம் பார்ப்பது எங்கே? மாலை 6 முதல் காலை 8 வரை கறுப்புத் துணி, ஆறு வாரம்.

பாம்புச் செடி 3. மஞ்சள் ஓரம் என்றால் ‘லாரன்ஷியை’ (Laurentii) என்ற வகை. 7 செ.மீ. துண்டாக இலையை நறுக்கி, மூன்று நாள் காயவிட்டு மணலில் நட்டால் வேர் வரும். ஆனால் குட்டி எல்லாம் வெறும் பச்சை! மஞ்சள் ஓரம் தனி அடுக்குத் திசு. குட்டி கிளம்புவது உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்து. ஓரம் வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி. துண்டைத் தலைகீழாக நட்டால் வேரே வராது. நறுக்கும்போதே அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுக்குறி போட்டுவிடுவது நல்லது. மூன்றாவது தொட்டி வெள்ளி நிற மூன்ஷைன். நிழலில் வைத்தால் கறுத்துவிடும். ஆகவே இதை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

பெயர்ச்சீட்டுக்கு மார்க்கர் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். குளிர்பான டின்னை நறுக்கி, பால்பாயிண்ட்டால் அழுத்தி எழுதினால் எழுத்து பள்ளமாக நிற்கும்.

மிச்சம் இரண்டும் அடினியம் (பாலைவன ரோஜா). விதையில் முளைத்தவை தாய்ப்பூவின் நிறத்தை அப்படியே தராது, ஒட்டுச் செடிக்குத்தான் வகைப்பெயர். ஒட்டுத் தழும்பு இரண்டிலும் இல்லாததால் சீட்டில் ‘விதைக்கன்று’ என்று மட்டும். முதல் பூ வந்ததும் நிறம் சேர்க்கப்படும்.