நைரேரேயை வைத்து ஆப்பிரிக்காவைப் படித்த கதை

குடிமைப் பணி மெயின்ஸுக்கு வரலாற்றை ஆப்ஷனலாக எடுத்து, தமிழில் எழுதியவன் நான். முதல் வருடம் ஆப்பிரிக்கப் பகுதியைப் படித்த விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கானாவின் நிக்ருமா, கென்யாவின் கென்யாட்டா, சாம்பியாவின் கவுண்டா, டான்சானியாவின் நைரேரே என்று விடுதலைத் தலைவர்கள் ஆளுக்கு அரைப் பக்கம்: பிறந்த ஊர், தொடங்கிய கட்சி, விடுதலை ஆண்டு, பதவி போன ஆண்டு. மாதிரித் தேர்வில் விடுதலைக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் சோசலிச முயற்சிகள் ஏன் தடுமாறின என்று கேட்டார்கள். நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்து எழுதித் தள்ளினேன். 20க்கு 6. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘பயோடேட்டா நன்று. ஏன் என்பதற்கு விடை எங்கே?’

இரண்டு நாள் கோபத்தோடு திரிந்தேன். பிறகு தாளை எடுத்துப் படித்தால், திருத்தியவர் சொன்னது சரிதான்.

அடுத்த வருடம் மற்ற மூவரையும் ஓரமாக வைத்துவிட்டு டான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயை மட்டும் பத்து நாள் படித்தேன். அவரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நிக்ருமாவை 1966இல் ராணுவம் கவிழ்த்தது. கவுண்டாவை 1991இல் மக்கள் தேர்தலில் தோற்கடித்தார்கள். நைரேரே 1985இல் தானாகவே இறங்கினார். கவிழ்க்கப்பட்டவரின் கொள்கை ஏன் நிறைவேறவில்லை என்றால் சதி, ராணுவம் என்று பழியைப் போட வழி இருக்கிறது. இவர் விஷயத்தில் அந்த வழி இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கையில் அதிகாரம் இருந்தது. நினைத்ததை முயன்று பார்த்தார். அதனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு நேராகப் பதில் தேட முடிகிறது.

படிக்கும் முறையையும் மாற்றினேன். வருட வரிசையை விட்டுவிட்டு, அவர் எடுத்த முடிவுகளாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்றே கேள்விகள்: எந்த நெருக்கடியில் எடுத்தார், என்ன கிடைத்தது, யார் விலை கொடுத்தார்கள். 1922இல் பிறந்தது, விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே பூட்டியாமா என்ற ஊர், அப்பா ஒரு சிறிய இனக்குழுவின் தலைவர், உகாண்டாவின் மாகெரெரேயிலும் பிரிட்டனின் எடின்பரோவிலும் படிப்பு, பள்ளி ஆசிரியர் வேலை, அதனால் வந்த ‘முவாலிமு’ என்ற அழைப்பு (சுவாஹிலியில் ஆசிரியர்), 1954இல் விடுதலைக்காகத் தொடங்கிய தானு கட்சி எல்லாம் ஐந்து வரியில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே நேரம் செலவழிக்காதீர்கள்.

நிற்க வேண்டிய முதல் இடம் 1962 ஜனவரி. டாங்கனிகா (இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதி) விடுதலை பெற்றது 1961 டிசம்பர் 9. ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, பிரதமர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, நாட்டை ரஷீதி கவாவாவிடம் கொடுத்துவிட்டு, கட்சி வேலைக்காகக் கிராமங்களுக்குப் போய்விட்டார். விடுதலை வாங்குவதற்கென்று கட்டிய கட்சிக்கு விடுதலைக்குப் பிறகு என்ன வேலை? அவரை வாட்டிய கேள்வி அது. அதே ஆண்டு கடைசியில் குடியரசுத் தலைவராகத் திரும்பி வந்தார். அதே 1962இல்தான் விசாரணையில்லாமல் ஆளைச் சிறையில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், விடையில் தானாகவே ஒரு எடை வந்துவிடும்.

1964 ஜனவரி அடுத்தது. பக்கத்துத் தீவான சான்சிபாரில் புரட்சி, சில நாளிலேயே டாங்கனிகாவில் ராணுவக் கலகம். கலகத்தை அடக்க, நேற்றுவரை ஆண்ட பிரிட்டனின் படையையே கூப்பிட வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26இல் சான்சிபாருடன் ஒன்றியம். டான்சானியா என்ற பெயர் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. 1961இல் ‘டான்சானியா’ விடுதலை பெற்றது என்று எழுதுகிற தவறை நானே இரண்டு முறை செய்திருக்கிறேன்.

ஒரு கட்சி ஆட்சியைப் பற்றி எழுதும்போது சர்வாதிகாரம் என்ற ஒற்றைச் சொல்லோடு பலர் முடித்துவிடுகிறார்கள். 1965 தேர்தலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தொகுதிக்கு இரண்டு வேட்பாளர்கள், இருவரும் தானு கட்சிக்காரர்கள். ஒருவருக்கு மண்வெட்டி சின்னம், இன்னொருவருக்கு வீடு. அமைச்சர்கள் சிலரே தோற்றுப்போனார்கள். ஆனால் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஒரே பெயர்தான், ஆம் அல்லது இல்லை. போட்டி உண்டு, மாற்று கிடையாது. ஒரு கட்சி ஆட்சி பற்றி இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்து நாளில் நான்கு நாள் உஜமாவுக்கே போனது. உஜமா என்றால் குடும்ப உறவு என்று சொல்லலாம், நைரேரே தன் சோசலிசத்துக்கு வைத்த பெயர். 1967 பிப்ரவரி 5, அந்தக் கொள்கையை அறிவித்த அருஷா பிரகடனம். வங்கிகள் அரசுடைமையானதை எல்லோரும் எழுதுவார்கள். தலைவர்களுக்குப் போட்ட விதிகளை எழுதுங்கள்: கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. இந்த மூன்றைச் சொன்னாலே பிரகடனம் எதைக் கண்டு பயந்தது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் 1973. தொடக்கத்தில் விருப்பப்பட்டவர்கள் சேர்ந்து வாழும் கிராமம் என்றிருந்த உஜமா கிராமம், கட்டாயமாயிற்று. 1976க்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள். சிதறிக் கிடந்தவர்களுக்குப் பள்ளியும் குடிநீரும் மருந்தும் கொண்டுபோக இதுதான் வழி என்பது அரசின் வாதம், அதில் நியாயமும் உண்டு. எழுத்தறிவு உயர்ந்தது. ஆனால் தலைமுறைகளாக எந்த மண்ணில் எது விளையும் என்று தெரிந்து பயிர் செய்தவனை லாரியில் ஏற்றிச் சாலையோரத்தில் இறக்கினால், அவன் அறிவு பழைய வயலிலேயே தங்கிவிடுகிறது. 1974-75இல் வறட்சியும் சேர்ந்தது. தானியம் இறக்குமதி செய்ய வேண்டிவந்தது. அதற்கு மேல் எண்ணெய் விலை, 1978-79இல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டிய போரின் செலவு. உள்காரணம், வெளிக்காரணம் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். வெளிக்காரணத்தை மட்டும் எழுதினால் வக்கீல் மாதிரி இருக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனதால் முதலில் அப்படித்தான் எழுதினேன், அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

வெளியுறவுக்கு ஒரு சின்ன வரைபடம் போதும். டார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை ஒரு கோடு, மேலே ‘தசாரா ரயில் பாதை, 1,860 கி.மீ.’. வெள்ளையர் ஆட்சியில் இருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போன சாம்பியாவின் செம்புக்கு மாற்றுப் பாதை. சீனா வட்டியில்லாக் கடனில் போட்டுக் கொடுத்தது. பனிப்போர், நிறவெறி எதிர்ப்பு, அணிசேராமை மூன்றுக்கும் இந்த ஒரு கோட்டைக் காட்டலாம். ஸ்கேல் எல்லாம் வேண்டாம், அரை நிமிடத்தில் போடப் பழகுங்கள். இந்தியத் தொடர்பு கேட்டால், காந்தி அமைதிப் பரிசை 1995இல் முதலில் பெற்றவர் இவர். வளரும் நாடுகளுக்காக இவர் தலைமை தாங்கிய தெற்கு ஆணையத்தில் மன்மோகன் சிங் பொதுச் செயலாளர்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. நைரேரே, நியரேரே, டான்சானியா, தான்சானியா எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாள் முழுக்க அதையே எழுதுங்கள்.

அந்த வருடம் தேர்வில் டான்சானியாவைப் பற்றி நேரடியாக எதுவும் வரவில்லை. இருந்தாலும் இரண்டு விடைகளில் அவர் உள்ளே வந்துவிட்டார். மற்ற மூவரைப் படிக்கவும் பாதி நேரம்தான் ஆனது, ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

படித்ததில் எந்த விடையிலும் செருக முடியாமல் போன ஒன்று இருக்கிறது. நாட்டை ஆண்டுகொண்டே நைரேரே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். ‘வெனிஸ் வணிகன்’ 1969இல் ‘மாபெபாரி வா வெனிசி’ என்று வந்தது. இந்தியாவிலிருந்து கடல் தாண்டிப்போன சொல், நம் ‘வியாபாரி’க்குச் சொந்தக்காரன், அங்கே அதற்கு முதலாளி என்றும் பொருள் வந்துவிட்டது. அருஷா பிரகடனம் முடிந்து இரண்டு வருடத்தில் வைத்த தலைப்பு. தேர்வில் எழுதிவிடாதீர்கள், ஒரு மார்க்கும் வராது.