பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டும் பேக்குக்குப் போகும் வாட்டும்

ட்ரோன் பேட்டரிகளைச் சார்ஜ் செய்வது ஒருவழியாக முடிந்தது. 1300 எம்ஏஎச் 6எஸ் (ஆறு செல் வரிசையாகச் சேர்ந்த) பேட்டரி பேக் நான்கு, எல்லாவற்றையும் இணையாகச் சேர்க்கும் ஒரே பேரலல் போர்டில். 5.2 ஆம்பியர் வைத்து விட்டேன். திரையில் 115 வாட்டில் தொடங்கி மெல்ல ஏறி 131-ஐத் தொட்டது, பிறகு ஆம்பியர் குறையக் குறைய இறங்க ஆரம்பித்தது. நடுவில் ஒருமுறைகூடக் கட் ஆகவில்லை. இன்புட் வோல்டேஜ், அதாவது சப்ளையிலிருந்து சார்ஜருக்கு வரும் வோல்டேஜ், 24-ஐ விட்டு அசையவில்லை. முதல் சார்ஜர் வாங்கப் போகிறவர்கள் யாருமே பார்க்காத இடம் அந்த இன்புட் வோல்டேஜ்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

4எஸ் 1500 எம்ஏஎச் பேக் ஒன்றை 1சி-யில், அதாவது கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியரில், ஏற்ற 16.8 பெருக்கல் 1.5, வெறும் 25 வாட் போதும். எந்தச் சார்ஜரும் அதைச் செய்துவிடும். அதனால்தான் முதல் முறை வாங்கும்போது 50 வாட் பெட்டியே தாராளமாகத் தெரிகிறது. ஆனால் பறக்க ஆரம்பித்தவர் யாரும் ஒரு பேக்கோடு நின்றதாக நான் பார்த்ததில்லை. நான்கு பேக் ஆனதும் 100 வாட், 6எஸ்-க்கு மாறினால் 131. சார்ஜரை இன்றைய பேக்குக்கு வாங்காதீர்கள், அடுத்து வாங்கப் போகும் பேக்குக்கு வாங்குங்கள். 1எஸ் வூப் (ஒற்றைச் செல்லில் ஓடும் குட்டி ட்ரோன்) மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். பல போர்ட் கொண்ட சின்ன 1எஸ் சார்ஜர் ஒன்று, அதில் முழுச் சார்ஜ் வோல்டேஜை 4.20-க்கும் 4.35-க்கும் மாற்றும் வசதி இருந்தால் போதும்.

இப்போது என்னைப் படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். என் சார்ஜர் பெட்டியில் 300 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அது பொய்யில்லை, ஆனால் 24 வோல்ட்டுக்கும் மேல் கொடுத்தால்தான் அந்த 300. உள்ளே இழுக்கும் கரண்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 12 ஆம்பியர் என்றால், 12 வோல்ட் சப்ளையில் உள்ளே போவதே 144 வாட்தான். அதில் மாற்றும்போது ஏற்படும் இழப்பு வேறு. பேக்குக்கு 131 வாட் போக வேண்டுமென்றால் உள்ளே ஏறக்குறைய 150 வாட் வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 300 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் 131 வாட்டுக்கே திணறுகிறது.

கையில் இருந்த லேப்டாப் அடாப்டரில்தான் முதலில் ஓட்டினேன். 19.5 வோல்ட், 90 வாட். இரண்டு பேக் வரை அருமை. மூன்றாவது பேக்கை மாட்டியதும் ஒரு விசித்திரம்: அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், முக்கால்வாசி ஏறியதும் அடாப்டர் அப்படியே அணைந்துவிடும். சூடாகிவிட்டதோ என்று ஆறவைத்தும் பார்த்தேன், அதே இடத்தில்தான் நின்றது. காரணம் சூடு இல்லை. ஆம்பியர் மாறாமல் ஏற்றும் கட்டத்தில் பேக்கின் வோல்டேஜ் ஏற ஏற வாட்டும் ஏறிக்கொண்டே போகும். செல் 3.7-இல் இருக்கும்போது மூன்று பேக்குக்கு 87 வாட், 4.2-ஐ நெருங்கும்போது 98. அதாவது சப்ளையின் மேல் உச்சச் சுமை விழுவது தொடக்கத்தில் இல்லை, கடைசிக் கால்பகுதியில். ஆரம்பத்தில் ஓடுகிறதே என்று நம்பி எழுந்து போகிறவர்கள் திரும்பி வரும்போது பேக் அரைகுறையாக நிற்பது இதனால்தான்.

இதற்கு மருந்து சார்ஜரின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. இன்புட் பவர் வரம்பு என்று ஒரு வரி. அடாப்டர் 90 வாட் என்றால் அதை 80-இல் வையுங்கள். வரம்பைத் தொட்டதும் சார்ஜர் தானாக ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் கட் ஆகாது. இந்த வரி இல்லாத சார்ஜரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

12 வோல்ட் சப்ளையில் இன்னொரு தொல்லை, வயர். 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். வயரும் கனெக்டரும் சேர்ந்து 0.05 ஓம் இருந்தாலே அரை வோல்ட்டுக்கு மேல் அங்கே தொலைகிறது. வோல்டேஜ் விழுந்தால் அதே வாட்டுக்காகச் சார்ஜர் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் இன்னும் விழும், கடைசியில் இன்புட் லோ என்று கத்தும். 24-க்கு மாறினால் ஆம்பியர் பாதி, வயரில் சூடாகும் வாட் கால்வாசி. வாங்கி வைத்த அந்த 24 வோல்ட் சப்ளைதான் இன்று அசையாமல் நின்றது. சார்ஜருக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது சப்ளைக்கும் காட்டலாம்.

சப்ளை உள்ளேயே இருக்கும் சார்ஜர் வாங்கலாமே என்றால், வாங்கலாம், வீட்டு மேசைக்கு நல்ல தேர்வு. ஆனால் அதிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஹோட்டா டி6 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள்: சுவர் பிளக்கில் செருகினால் இரண்டு சேனலுக்கும் (தனித்தனியாகச் சார்ஜ் செய்யும் இரண்டு வழிகளுக்கும்) சேர்த்து 200 வாட், வெளியிலிருந்து டிசி கொடுத்தால் சேனலுக்கு 325. விளம்பரத்தில் எந்த எண் பெரிதாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. யுஎஸ்பி-சி இன்புட் உள்ள குட்டிச் சார்ஜர்களுக்குக் கேபிளைப் பாருங்கள். சாதாரண கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், 20 வோல்ட்டில் 60 வாட். 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் சிப் வைத்த கேபிள்தான் வேண்டும். அடாப்டரில் 100 என்று எழுதியிருந்தாலும் கேபிள் சம்மதிக்காவிட்டால் வராது.

கனெக்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கை மாட்டும் எக்ஸ்டி60 கனெக்டர் வாங்கும்போது பிளாஸ்டிக்கில் அமாஸ் என்ற தயாரிப்பாளரின் எழுத்து அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறேன். போலிகளில் சால்டர் வைக்கும் சூட்டுக்கே பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடுகிறது. விற்கிறவர் படத்தில் அந்த எழுத்து தெரியாவிட்டால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

பேரலல் போர்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே செல் எண்ணிக்கை, செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குள் வித்தியாசம், மெயின் லீட் (தடித்த வயர்) முதலில், சமமாகும்வரை பொறுத்துப் பிறகு பேலன்ஸ் லீட் (ஒவ்வொரு செல்லுக்கும் போகும் மெல்லிய வயர்). பியூஸ் வைத்த போர்டு தவிர வேறு எதையும் என் மேசையில் வைக்க மாட்டேன். ஆனால் பேரலலில் சார்ஜர் நான்கு பேக்கையும் ஒரே பெரிய பேக்காகத்தான் பார்க்கிறது. ஒரு பேக்கில் ஒரு செல் கெட்டுக்கொண்டிருந்தாலும் சராசரியில் மறைந்துவிடும். அதனால் அவ்வப்போது ஒவ்வொரு பேக்கையும் தனியாக மாட்டி, செல் செல்லாக இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (உள் மின்தடை) குறித்து வைக்கிறேன். ஒரு பேக்கில் மூன்றாவது செல் மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்துகொண்டே போகிறது. அதைப் போர்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் தீராத குறை டிஸ்சார்ஜ். முழுதாக ஏற்றிய அன்று காற்று அடித்தால் பறக்க முடியாது, பேக்கை 4.2-இல் நாள்கணக்கில் விடவும் முடியாது, 3.8-க்கு இறக்க வேண்டும். ஒரு 6எஸ் 1300-இல் 29 வாட்-அவர் இருக்கிறது, அதில் பாதியை வெளியேற்ற வேண்டும். 5 வாட் டிஸ்சார்ஜ் உள்ள சார்ஜரில் ஒரு பேக்குக்கே மூன்று மணி நேரம், நான்குக்கு அரை நாள். பாதி விற்பனைப் பக்கங்களில் இந்த எண்ணையே போடுவதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். கேளுங்கள்.

12 வோல்ட் 50 வாட் ஹாலோஜன் பல்பு இரண்டை வரிசையாகச் சேர்த்து, பேலன்ஸ் லீடில் லோ-வோல்டேஜ் அலாரம் மாட்டி இறக்கிப் பார்க்கப் போகிறேன். 6எஸ்-க்கு 100 வாட் சுமை என்றால் பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பல்பு ஹோல்டரும் அலாரமும் வந்துவிட்டன. பல்பு தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும் என்பதால் பேக்கிலிருந்து தள்ளி வைக்க ஒரு பீங்கான் ஓடு தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மனசு உருளை வடிவ 21700 லித்தியம் செல் வைத்து மைதானத்துக்கு எடுத்துப்போக ஒரு பெரிய 6எஸ் பேக் கட்டுவதில் போய்விட்டது. இன்புட்டுக்கு 24 வோல்ட் கிட்ட அதுவே கொடுக்கும், சப்ளையைத் தூக்க வேண்டாம். பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) எது என்றுதான் முடிவாகவில்லை, 20 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும் 6எஸ் பிஎம்எஸ் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.