எந்தத் தேதியிலிருந்து?

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வரி அதிகம் என்று புலம்பாத வாடிக்கையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் வரியை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் குறைவு. "இப்போ இருக்கிற விதி அடுத்த வருஷமும் இருக்குமா?" என்ற கேள்விதான் அவர்களைப் படுத்தி எடுக்கிறது. கடன் வாங்கி மெஷின் போடலாமா, இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பொருளாதாரச் சுதந்திரம் பற்றிய வாக்குவாதங்களில் இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. அரசு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தரப்பு, எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு தரப்பு. ஒதுங்கச் சொல்கிறவர்கள் உடனே சிங்கப்பூரைக் கையில் எடுப்பார்கள். ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 1995 முதல் வெளியிட்டுவரும் பொருளாதாரச் சுதந்திரப் பட்டியலில் 2020இலிருந்து முதலிடம் அந்த ஊருக்குத்தான். சரி, ஆனால் அங்கே அரசு ஒதுங்கியா நிற்கிறது? நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. நான்கில் மூன்று பேருக்கு மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு மத்திய சேமநிதி என்ற அரசுச் சேமிப்புக்குக் கட்டாயமாகப் போகிறது.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது வேறு. பொருள் சேவை வரியை 7 விழுக்காட்டிலிருந்து 9 ஆக உயர்த்தப்போகிறோம் என்று 2018 பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள். 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9. வரி உயர்வை யார்தான் விரும்புவார்கள்? ஆனாலும் ஒப்பந்தத்தில் என்ன விலை போடுவது, பில் மென்பொருளை எப்போது மாற்றுவது என்று ஒரு கணக்காளன் நிதானமாக யோசிக்க நேரம் இருந்தது.

இதோடு 2016 நவம்பர் 8ஐ வைத்துப் பாருங்கள். இரவு 8 மணிக்கு இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 விழுக்காடு அது. முன்கூட்டிச் சொன்னால் கறுப்புப் பணக்காரன் தப்பிவிடுவான் என்ற வாதமாவது அதற்கு இருந்தது.

இலங்கையின் உரத் தடைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. 2019இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ச பிரசாரத்தில் சொன்னது, பத்தாண்டுகளில் நாட்டைச் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாற்றுவோம் என்று. பத்தாண்டு என்றால் ஒரு விவசாயி ஒரு துண்டு நிலத்தில் போட்டுப் பார்த்து, நட்டப்பட்டு, திருத்திக்கொள்ள முடியும். ஆனால் 2021 மே மாதம் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு வந்தபோது இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒட்டுமொத்தத் தடை. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்க விவசாயம் படித்திருக்க வேண்டியதில்லை. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நல்ல மக்கிய எருவில் இரண்டு விழுக்காடு இருந்தாலே பெரிது. அப்படியென்றால் ஒரே ஒரு மூட்டைக்கு ஈடாக ஒரு டன்னுக்கு மேல் எரு வேண்டும். அதை யார் தயாரித்தார்கள், எந்த வண்டியில் ஏற்றுவது? கொண்டுவந்து கொட்டினாலும் அதிலுள்ள நைட்ரஜன் பயிருக்கு மெதுவாகத்தான் கிடைக்கும். தூர் கட்டும் நேரத்தில் நைட்ரஜன் போதாத நெல், அடி இலையிலிருந்து மஞ்சளாகிக்கொண்டே வரும். எருவை ஆதரிப்பவன்தான் நானும். என் சண்டை எருவோடு அல்ல, தேதியோடு.

நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை முந்தைய ஆண்டைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. அனுமதி வந்தாலும் வாங்க முடியாத நிலை. பெரும்போகம் என்ற முக்கிய நெல் பருவத்தின் விளைச்சல் சரிந்தது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவோடு இருந்த நாடு, அரிசியையே இறக்குமதி செய்தது. டாலர் ஈட்டித் தரும் தேயிலையும் அடிவாங்கியது. டாலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை டாலரையே தின்றது. அப்புறம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் விவசாயிகளுக்கு இழப்பீடு அறிவிக்க வேண்டி வந்தது.

திடீர் முடிவு எல்லாமே கெட்டது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 1991 ஜூலை 24 அன்று இந்தியா 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில் உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. ஐந்து வருஷம் முன்னறிவிப்பு கொடுத்துச் செய்திருந்தால், உரிமத்தை வைத்துச் சம்பாதித்தவர்கள் அதை நடக்கவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று நீக்கப்பட்டது ஒரு தடை. மறுநாள் காலை யாரும் புதிதாக எதையும் செய்தே ஆக வேண்டியிருக்கவில்லை; விருப்பம் உள்ளவர்கள் தொடங்கலாம், மற்றவர்கள் இருந்தபடியே இருக்கலாம். பாதுகாப்பிலேயே வளர்ந்த சில கம்பெனிகள் பிறகு போட்டியில் நொடித்தன என்பதும் உண்மைதான். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு "இது சுதந்திரம்" என்று சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது.

இப்போதெல்லாம் பட்ஜெட் நாளன்று வாடிக்கையாளர்கள் போனில் கேட்பது "எத்தனை பெர்சென்ட்?" என்றுதான். நான் முதலில் தேடுவது அந்த விதி அமலுக்கு வரும் தேதியை. அடுத்து, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு விலக்கு உண்டா என்று. பெர்சென்ட்டை அதற்கப்புறம் சொல்கிறேன்.